பதில் சொன்னது யார்?

போன வாரம் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் உட்கார்ந்திருந்தேன். சுவரில் டோக்கன் எண் காட்டும் பலகை. சுற்றி இருந்தவர்கள் எல்லாம் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எண் மாறவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தேன். எழுந்து போய் கவுன்ட்டரில் இருந்த பெண்ணிடம், "இது ஓடுதாம்மா, இல்ல நின்னுபோச்சா?" என்று கேட்டேன்.

"டாக்டர் சாப்பிடப் போயிருக்கார் ஆன்ட்டி" என்றாள்.

நியாயமான காரணம்தான். ஆனாலும் நெஞ்சு படபடப்பு அடங்க நேரமாயிற்று.

ஓய்வு பெற்ற பிறகும் விடாத இந்தப் பயம் எனக்கு எங்கே ஒட்டியது என்பதை உங்களிடம் சொல்லலாம் என்று தோன்றியது. நீங்கள் இந்தத் தொழிலுக்குப் புதிது. திரையில் தெரியும் பக்கத்தையும் பின்னால் இருக்கும் சர்வரையும் இணைப்பது எப்படி என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. என்னைவிட வேகமாகவே செய்வீர்கள். நான் சொல்லப்போவது, இணைத்து முடித்து, எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோது வந்த ஒரு மத்தியானத்தைப் பற்றி.

இரண்டாயிரங்களின் பின்பாதி அது. முடிச்சூர் ரோட்டில் ஒரு டைல்ஸ் கடைக்கு மேல்மாடியில் எங்கள் கம்பெனி. கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். கீழே டைல்ஸ் அறுக்கும் மெஷின் ஓடினால் மேலே யாரும் ஃபோன் பேச முடியாது. அவ்வளவுதான் இடம். சர்வர் பக்கம் என் பொறுப்பு. திரைப் பக்கம் விஜியின் பொறுப்பு. பொத்தேரியில் படிப்பை முடித்துவிட்டு நேராக எங்களிடம் வந்தவள். பீர்க்கன்கரணையிலிருந்து ஸ்கூட்டியில் வருவாள். கை வேகம், வாய் அதைவிட வேகம்.

அதுவரை இணையப் பக்கம் என்றால், எதையாவது அழுத்தினதும் திரை முழுக்க வெள்ளையாகி, மறுபடி முதலிலிருந்து ஒவ்வொன்றாக வந்து நிற்கும். விஜி செய்தது ஒரே பக்கம். காலையில் ஒருமுறை திறந்தால் போதும், அது அங்கேயே இருக்கும். சில நொடிகளுக்கு ஒரு தடவை சத்தமில்லாமல் சர்வரிடம் "இப்போ எவ்வளவு?" என்று கேட்கும். சர்வர் சொல்லும். திரையில் எண் மட்டும் மாறும். இன்றைக்கு உங்களுக்கு இது தினச் சோறு. அன்றைக்கு எங்களுக்கு வித்தை. விஜி அதை முதன்முதலாக ஓட்டிக் காட்டியபோது கீழேயிருந்து டைல்ஸ் கடைக்காரர்கூட வந்து பார்த்துவிட்டுப் போனார்.

எங்களுக்குள் ஒப்பந்தம் எளிமையானது. அவள் கேட்பாள், நான் சொல்வேன். நான் பதில் சொல்லாவிட்டால் பக்கத்தின் மூலையில் இருக்கும் பச்சை விளக்கு சிவப்பாகும். சோதித்துப் பார்த்தோம். நான் சர்வரின் கேபிளைப் பிடுங்கினேன், விளக்கு சிவந்தது. திரும்பச் சொருகினேன், பச்சை வந்தது. "பர்ஃபெக்ட் அக்கா" என்றாள் விஜி. எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

அந்தப் பக்கத்தை நாங்கள் முதலில் கொண்டுபோய் வைத்தது ஒரு ஐஸ் ஃபேக்டரியில். பெயர் வேண்டாம். கேளம்பாக்கம் தாண்டி, கோவளம் போகிற வழியில் இருந்தது. படகுகளுக்கும் மீன் விற்கிற பெண்களுக்கும் அங்கிருந்துதான் ஐஸ் போகும். ஐஸ் ஃபேக்டரிக்குள் நீங்கள் போயிருக்கிறீர்களா தெரியாது. அங்கே குளிர்ச்சியைக் கொடுப்பது அமோனியா வாயு. குழாய்க்குள் இருக்கும்வரை அது வேலைக்காரன். வெளியே வந்தால் கண்ணையும் நுரையீரலையும்தான் முதலில் தின்னும். அதனால் கம்ப்ரஸர் அறையில் ஒரு வாயு சென்சார், குழாயில் ஒரு அழுத்த சென்சார், உப்புநீர்த் தொட்டியில் ஒரு வெப்பநிலை சென்சார் மாட்டியிருந்தார்கள். மூன்றும் என் சர்வருக்கு எண்களை அனுப்பும். விஜியின் பக்கம் அவற்றை ஆபீஸ் கம்ப்யூட்டரில் காட்டும். வாயு அளவு ஏறினால் கம்ப்யூட்டரே கத்தும்.

"தனியா ஒரு சைரனும் வச்சிடலாம் சார்" என்று முதலாளியிடம் சொன்னேன்.

"அதான் கம்ப்யூட்டரே கத்துதேம்மா, இன்னொண்ணு எதுக்கு?" என்று சிரித்தார்.

கெட்ட மனிதர் இல்லை அவர். எங்கள் பக்கத்தின் மேல் எங்களைவிட அதிக நம்பிக்கை வைத்தவர். முன்னெல்லாம் ஆபரேட்டர் எத்திராஜ் மணிக்கு ஒரு தடவை கம்ப்ரஸர் அறைக்குள் போய் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வருவார். பக்கம் வந்த பிறகு, "அதான் இங்கயே தெரியுதே, நீ ஆபீஸ்லயே உக்காந்து ஐஸ் டோக்கனையும் பாத்துக்க" என்று முதலாளி அவரை முன் அறைக்குக் கொண்டுவந்துவிட்டார்.

எத்திராஜ் கோவளத்துக்காரர். கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவர். சுனாமிக்குப் பிறகு அவர் மனைவி மல்லிகா அவரைப் படகேற விடவில்லை. அழுது, சண்டை போட்டு, சாப்பிடாமல் கிடந்து, இந்த ஐஸ் ஃபேக்டரியில் சேர்த்துவிட்டாள். "தரையில வேல செய்றவன் எவனும் தண்ணில போவ மாட்டான்" என்பது அவள் கட்சி. அவள் மீன் விற்கிறவள். சாயங்காலக் கடைக்குக் கொண்டுபோகும் மீனுக்குத் தினமும் மத்தியானம் அங்கேதான் ஐஸ் வாங்க வருவாள். புருஷன் உட்கார்ந்திருப்பதையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவாள்.

பக்கம் ஓட ஆரம்பித்துச் சில மாதங்கள் ஆகியிருந்தன. ஒரு நாள் முதலாளி ஃபோன் செய்தார். ஆபீஸ் கம்ப்யூட்டரில் வைரஸ் வந்து, அவருடைய அக்கா மகன் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டிருக்கிறானாம். "உங்க பக்கம் ஜம்முனு வருது. பிரின்ட்டர் மட்டும் தகராறு. வந்து பாத்துட்டுப் போங்க." விஜி வேறு வேலையில் மாட்டியிருந்தாள். நான் போனேன். பிரின்ட்டருக்காகத்தான் போனேன். அந்தப் பிரின்ட்டர் ஒழுங்காக ஓடியிருந்தால் நான் போயிருக்கவே மாட்டேன்.

தாம்பரத்திலிருந்து வண்டலூர் வழியாகப் பஸ் பிடித்துப் போய்ச் சேரும்போது சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. நல்ல கடல்காற்று. ஆபீஸ் கிழக்கே பார்த்த அறை. அதற்கு முன்னால் முற்றம், அப்புறம் ரோடு. முற்றத்தில் மல்லிகாவும் இன்னும் சில பெண்களும் கூடைகளோடு காத்திருந்தார்கள். கம்ப்ரஸர் அறை கட்டடத்தின் பின்னால், மேற்குப் பக்கம். அதையும் தாண்டி ஒரு தகர ஷெட். ஷிஃப்ட் முடித்தவர்கள் அங்கே படுத்திருப்பார்கள். வெயிலில் வந்த எனக்கு அந்தக் காற்று சுகமாக இருந்தது. அது பின்பக்கத்து வாடையை எங்கள் மூக்குக்கு வரவிடாமல் மேற்கே தள்ளிக்கொண்டிருந்தது என்று அப்போது எனக்கு எப்படித் தெரியும்?

"வாங்க மேடம். மொதலாளி செங்கல்பட்டு போயிகீறாரு. பிரின்ட்டரு பேஜாரு பண்ணுது" என்றார் எத்திராஜ்.

பிரின்ட்டரைச் சரிசெய்ய அதிக நேரம் ஆகவில்லை. வேலை முடிந்து, அவர் வாங்கித்தந்த டீயைக் குடித்துக்கொண்டே திரையைப் பார்த்தேன். விஜியின் பக்கம். மூலையில் பச்சை விளக்கு. மேலே கடிகாரம் நொடி நொடியாக ஓடிக்கொண்டிருந்தது. வாயு அளவு ஏழு. அங்கே ஐந்து, ஏழு, எட்டு என்றுதான் எப்போதும் இருக்கும். முப்பதைத் தாண்டினால் கம்ப்யூட்டர் கத்தும்படி வைத்திருந்தோம். அழுத்தமும் வழக்கமான எண்தான்.

டீயை முடித்தேன். மறுபடி பார்த்தேன். ஏழு. அழுத்தம் புள்ளிக்குப் பின்னால் இருந்த எண்கூட அதேதான்.

ஓடுகிற மெஷினில் அழுத்தம் அப்படி நிற்காது. ஆள் மூச்சு விடுகிற மாதிரி கொஞ்சமாவது ஏறி இறங்கிக்கொண்டுதான் இருக்கும். இது தெரிந்துகொள்ள மெஷின் படிக்க வேண்டியதில்லை. மாதக்கணக்காக அந்த எண்களை வாங்கிச் சேர்த்தவள் நான். காலி டம்ளரைக் கையில் வைத்தபடியே நின்றேன். கடிகாரம் ஓடியது. மற்ற எதுவும் அசையவில்லை.

"எத்திராஜ், இந்த நம்பர் எப்பலேர்ந்து இப்படியே இருக்கு?"

"காத்தால தொறந்தப்ப வந்துச்சு மேடம். சொம்மா நெலையா கீது இப்பல்லாம். புச்சா போட்டதுலேர்ந்து சூப்பர்."

அந்த "நெலையா" என்ற வார்த்தை என் காதுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

சர்வர் அதே அறையின் மூலையில் இருந்தது. அதற்கான பழைய மானிட்டரை யாரும் போடுவதில்லை. போட்டேன். கறுப்புத் திரை மெதுவாக விழித்துக்கொண்டது. யார் எப்போது என்ன கேட்டார்கள் என்று சர்வர் வரிவரியாக எழுதிவைக்கும். கடைசி வரியைப் பார்த்தேன். ஆபீஸ் கம்ப்யூட்டர் காலையில் ஒரே ஒரு தடவை கேட்டிருக்கிறது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

விஜிக்கு ஃபோன் செய்தேன். பின்னணியில் டைல்ஸ் அறுக்கும் சத்தம்.

"விஜி, உன் பக்கம் கேக்கறதையே நிறுத்திடுச்சு."

"லைட்டு என்ன கலர்க்கா?"

"பச்சை."

"அப்போ கேக்குதுக்கா. பதிலும் வருது. பதில் வரலைன்னா சிவப்பாயிடுமே. நாமதான டெஸ்ட் பண்ணோம்."

"பதில் நான் குடுக்கல விஜி. காலைல இருந்து நான் ஒரு வார்த்தை பேசல."

கீழே மெஷின் நின்றிருக்க வேண்டும். திடீரென்று ஃபோனில் சத்தமே இல்லை. அப்புறம் விஜி, அவள் குரலே இல்லாத ஒரு குரலில் கேட்டாள்: "அப்போ... யாருக்கா பதில் சொல்றது?"

எனக்குத் தெரியவில்லை. பிறகு தெரிந்துகொண்டோம், சொல்கிறேன். ஆனால் அந்த நொடியில், பக்கத்து மேசையில் யாரோ முகம் தெரியாத ஒருவர் உட்கார்ந்துகொண்டு, கேட்கிற கேள்விக்கெல்லாம் "ஏழு, ஏழு" என்று சொல்லிக்கொண்டிருப்பது போல இருந்தது. ஃபோனைத் தோளில் இடுக்கிக்கொண்டு சர்வரில் சென்சாரின் நிஜ எண்ணை வரவழைத்தேன்.

தொண்ணூற்று நான்கு.

மறுபடி பார்த்தேன். நூற்றுப் பத்து.

உடனே கத்தினேனா என்று கேட்டால், இல்லை. இதைத்தான் உங்களிடம் முக்கியமாகச் சொல்ல வேண்டும். பயம் வந்ததும் கை தானாக வேலை செய்யும் என்று நினைக்காதீர்கள். பயம் முதலில் உங்களிடம் சமாதானம் பேசும். அந்த சென்சார் முந்தைய மாதம் ஒரு தடவை பொய் சொல்லியிருந்தது. யாரோ அறையைக் கழுவும்போது தண்ணீர் பட்டு இருநூறு வரை காட்டி எல்லாரையும் ஓட வைத்தது. இதுவும் அப்படித்தான் இருக்குமோ? வாடைகூட வரவில்லையே? நான் பிரின்ட்டர் பார்க்க வந்தவள்தானே?

முதலாளிக்கு ஃபோன் போட்டேன். சொன்னேன்.

"அம்மா, அந்த சென்சார் அப்படித்தான். போன மாசமே பாத்தீங்கல்ல? எத்திராஜ் என்ன சொல்றான்? திரையில என்ன வருது?"

"திரையில ஏழு சார். ஆனா திரை பொய்."

"நேத்து வரைக்கும் திரைதான் சரின்னு சொன்னீங்களேம்மா! இப்ப பிளான்ட்டை நிறுத்தினா தொட்டியில இருக்கற மொத்த ஐஸும் போயிடும். படகெல்லாம் நைட்டு கெளம்பணும். நான் வர்றவரைக்கும் எதையும் தொடாதீங்க."

அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. நேற்று வரை அப்படிச் சொன்னது நான்தான். திரும்பி எண்ணைப் பார்த்தேன். நூற்று நாற்பது. ஒரு விஷயம் அப்போது உறைத்தது. தண்ணீர் பட்ட சென்சார் ஒரே தாவாகத் தாவியது. இது படிப்படியாக ஏறிக்கொண்டிருக்கிறது. அதுவும் நிச்சயமான சாட்சி இல்லை. ஆனால் எனக்கு முன்னால் இரண்டு தப்புகள் நின்றன. சும்மா பயந்து நிறுத்தினால் ஐஸ் உருகும், முதலாளி திட்டுவார், கம்பெனிக்கு இந்த வேலை போகும். நாளைக்கு அவரிடம் போய் மன்னிப்புக் கேட்கலாம். பேசாமல் இருந்தது தப்பு என்றால், நாளைக்கு யாரிடம் போய்க் கேட்பது?

"எத்திராஜ், கம்ப்ரஸரை நிறுத்துங்க. வாயு கசியுது."

அவர் ஆபீஸ் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இன்னா மேடம், பச்சையாதான கீது? ஏழுதான போட்டுகீது?"

"அது காலைல வந்த ஏழு. இங்க வந்து பாருங்க."

வந்தார். கறுப்புத் திரையில் எண்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கிக்கொண்டிருந்தன. நூற்று எழுபது. அவர் முகம் வெளிறிப்போயிற்று. வெளிநடையில் இருந்த சுவிட்ச் பெட்டிக்கு ஓடினார். கம்ப்ரஸர் உறுமல் நின்றது. அந்தச் சத்தம் நின்ற பிறகுதான் அது இவ்வளவு நேரம் இருந்ததே எங்களுக்குத் தெரிந்தது. அமைதியில் எங்கோ பின்னால் 'உஸ்ஸ்' என்று மெல்லிய சீறல்.

"ஷெட்டாண்ட ரெண்டு பேர் தூங்கிகினு கீறாங்க மேடம்" என்றார். காற்று அந்தப் பக்கம்தான் போய்க்கொண்டிருந்தது.

ஆபீஸ் சுவரில் வாயுவைத் தடுக்கும் பழைய முகமூடி ஒன்று தொங்கியது. அதை எடுத்துக்கொண்டார். துண்டைத் தண்ணீரில் நனைத்துக் கழுத்தில் சுற்றிக்கொண்டார். "ஆளுங்கள எழுப்பிட்டு நேரா வந்துடுங்க. ரூமுக்குள்ள போகாதீங்க. இருநூறைத் தாண்டிடுச்சு" என்றேன். தலையாட்டிவிட்டு ஓடினார். நான் தீயணைப்பு நிலையத்துக்கு ஃபோன் செய்துவிட்டு, முற்றத்தில் இருந்த பெண்களை ரோட்டுக்கு விரட்டினேன். கிழக்கே, காற்று வருகிற பக்கம் பார்த்து ஓடச் சொன்னேன். எல்லாரும் கூடைகளைப் போட்டுவிட்டு ஓடினார்கள். மல்லிகா ஓடவில்லை.

"அவரு எங்க?"

"பின்னாடி போயிருக்கார். வந்துடுவார்."

அவள் ஆபீஸ் வாசலில் வந்து நின்றுகொண்டாள். நான் போகச் சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. நானும் போயிருக்க வேண்டியவள்தான். ஆனால் அந்தக் கட்டடத்தில் உண்மை சொல்கிற ஒரே திரை அந்தக் கறுப்பு மானிட்டர். அதை விட்டுவிட்டுப் போக எனக்குக் கால் வரவில்லை.

முந்நூறு. முந்நூற்று ஐம்பது.

பக்கவாட்டில் இருமிக்கொண்டே இரண்டு பேர் ஓடிவந்தார்கள். ஷெட்டில் தூங்கியவர்கள். ஒருவன் லுங்கியால் முகத்தைப் பொத்தியிருந்தான். "எத்திராஜண்ணன் வால்வை மூடணும்னு உள்ளாற போய்ட்டாரு" என்றான். அவ்வளவுதான் அவனால் பேச முடிந்தது.

மல்லிகா உள்ளே வந்தாள். என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்த்தாள். படிக்கத் தெரியாதவள் இல்லை, ஆனால் அந்த எண்கள் அவளுக்கு என்ன?

"இன்னா சொல்லுது யம்மா இது?"

ஐந்நூறு. மறுபடி ஐந்நூறு. மறுபடியும் அதே ஐந்நூறு. அந்த சென்சாருக்கு ஐந்நூறுதான் எல்லை. அதற்கு மேல் அறைக்குள் எவ்வளவு இருந்தாலும் அதற்குச் சொல்லத் தெரியாது.

அவளுக்கு ஆறுதலாக ஏதாவது சொல்லிவிட வேண்டும் என்று என் வாய் துடித்தது. "கொறையுது, பயப்படாத" என்று சொல்வது எவ்வளவு சுலபம். என் இடது பக்கம் ஆபீஸ் திரையில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது, ஏழு என்று காட்டிக்கொண்டு. அதைப் பார்த்தேன். என் வாய் மூடிக்கொண்டது.

"உச்சத்துல நிக்குது மல்லிகா. அதுக்கு மேல இதால சொல்ல முடியாது. எனக்குத் தெரியல."

அவள் நாற்காலியை விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். இன்னும் இறுக்கிப் பிடித்தாள். இரண்டு பேரும் ஒரே எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எவ்வளவு நேரம் என்று என்னைக் கேட்காதீர்கள். அந்த அறையில் எனக்கு வயதானது போல இருந்தது.

நானூற்று எண்பத்தெட்டு.

நானூற்று எழுபது. நானூற்று நாற்பது.

"எறங்குது" என்றேன். "வால்வை மூடியிருக்கார். ஆனா அவர் வர்றாரான்னு இதுக்குத் தெரியாது."

அவள் அப்போதுதான் ஓடினாள். நான் பின்னாலேயே போனேன். கட்டடத்தின் பக்கவாட்டில் தண்ணீர்த் தொட்டி ஒன்று இருந்தது. அதன் அடியில் எத்திராஜ் முழங்காலிட்டுக் கிடந்தார். முகமூடி ஒரு பக்கம் கழன்று தொங்கியது. கண்கள் இறுக மூடியிருந்தன, இருமல் நெஞ்சைப் பிய்த்துக்கொண்டு வந்தது. மல்லிகா குடத்தை முக்கி முக்கி அவர் முகத்தில் ஊற்றினாள். எனக்கும் கண் எரிந்தது, தொண்டையில் கத்தி வைத்தது போல இருந்தது. இரண்டு பேருமாக அவரை ரோட்டுக்கு இழுத்துவந்தோம். தீயணைப்பு வண்டியும் ஆம்புலன்ஸும் வந்தன. அவளே அவரோடு ஆம்புலன்ஸில் ஏறினாள். ஐஸ் வைக்காத மீன் கூடை முற்றத்தில் வெயிலில் கிடந்தது.

எத்திராஜ் பிழைத்தார். கண்ணில் கட்டுப் போட்டிருந்த நாட்களில் மல்லிகா என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போவேன், பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்வேன், எழுந்து வருவேன். கட்டு அவிழ்த்த அன்று அவர், "நீ எளச்சிட்ட" என்று அவளிடம் சொன்னாராம். அதை மட்டும் என்னிடம் சொன்னாள். வலது கண் முழுதாகத் திரும்பியது. இடது கண் வெளிச்சம் பட்டால் நீர் வடியும். அது கடைசிவரை போகவில்லை.

முதலாளி அன்று சாயங்காலமே வந்துசேர்ந்தார். திட்டவில்லை. வாயு வெளியே வராமல் அடைக்கும் சீல் ஒன்று தேய்ந்து பிய்ந்திருந்ததைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

யார் பதில் சொன்னது என்று நானும் விஜியும் மறுநாள் கண்டுபிடித்தோம். இணையப் பக்கத்தைத் திறப்பதற்காக ஆபீஸ் கம்ப்யூட்டரில் நாங்கள் போட்டுக்கொடுத்திருந்த பிரவுசர், வைரஸுக்காக எல்லாவற்றையும் அழித்தபோது போய்விட்டது. கம்ப்யூட்டரோடு வந்த பிரவுசரில்தான் பக்கத்தைத் திறந்திருக்கிறார்கள். அதற்கு ஒரு பழக்கம். ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டால், 'இதற்குத்தான் காலையிலேயே பதில் வாங்கி வைத்திருக்கிறேனே' என்று தன் ஞாபகத்திலிருந்து எடுத்துக் கொடுத்துவிடும். சர்வர்வரைக்கும் கேள்வி வராது. கேட்ட பக்கத்துக்குப் பதில் கிடைத்துவிட்டது, அதனால் விளக்கு பச்சை. தினமும் காலையில் புதிதாகத் திறப்பதால் தினமும் வேறு எண். ஆகவே யாருக்கும் சந்தேகமும் இல்லை. சரிசெய்ய இரண்டே வரி போதுமாயிருந்தது. கேள்வி ஒவ்வொன்றையும் வேறு வேறாக ஆக்க ஒரு வரி அவள் பக்கம், 'இந்தப் பதிலைச் சேர்த்துவைக்காதே' என்று சொல்ல ஒரு வரி என் பக்கம்.

விஜிக்கு அந்த இரண்டு வரி போதவில்லை. சில நாள் கீபோர்டையே தொடாமல் உட்கார்ந்திருந்தாள். "நாம கேபிளைப் பிடுங்கித்தான்க்கா டெஸ்ட் பண்ணோம். பதில் வராம போனா என்ன ஆகும்னு பாத்தோம். தப்பான ஆளு பதில் சொன்னா என்ன ஆகும்னு பாக்கலையே" என்றாள். அப்புறம் பக்கத்தை மறுபடி எழுதினாள். பச்சை விளக்கையே எடுத்துவிட்டாள். ஒவ்வொரு எண்ணோடும் அது சென்சாரில் பிறந்த நேரம் சர்வரிலிருந்து வரும். எண் பழசாகிவிட்டால் பக்கம் அதைக் காட்டாது. அந்த இடம் காலியாகிவிடும்.

நீங்கள் எழுதப்போகிற பக்கங்கள் அமோனியாவைக் காட்டாமல் போகலாம். ஆனால் எங்கோ ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, எழுந்து போவதா உட்கார்ந்திருப்பதா என்று முடிவு செய்வார். அவருக்கு உங்களைத் தெரியாது.

புதுப் பக்கத்தை வைக்க விஜியே வந்தாள். ஐஸ் ஃபேக்டரிக்குள் அவள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. சுவரில் இப்போது தனியாக ஒரு சைரன் இருந்தது. புது முகமூடிகள் வரிசையாகத் தொங்கின. எத்திராஜ் வேலைக்குத் திரும்பியிருந்தார், கறுப்புக் கண்ணாடியோடு. மல்லிகா கடலும் வேண்டாம் ஐஸும் வேண்டாம் என்று நின்றிருக்கிறாள். மூன்றாவதாக ஒரு வழி இல்லாததால் விட்டுக்கொடுத்திருக்கிறாள்.

விஜி அவரை நிமிர்ந்து பார்க்கவே இல்லை. பக்கத்தைத் திறந்தாள். எண்கள் வந்தன, சின்னச் சின்னதாக ஏறி இறங்கின. அப்புறம், சொல்லாமல் கொள்ளாமல், சர்வரின் கேபிளைப் பிடுங்கினாள். சில நொடிகளில் எண்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. திரையில் வெறும் கட்டங்கள் மட்டும் நின்றன.

முதலாளி முகம் சுளித்தார். "என்னம்மா இது, ஒண்ணுமே இல்லாம? பழைய நம்பராவது இருந்துட்டுப் போகட்டுமே. இப்படிக் காலியா இருந்தா பாக்கறவனுக்குப் பயமா இருக்காது?"

"பயமா இருக்கணும் சார்" என்றாள் விஜி.

எத்திராஜ் அந்தக் காலித் திரையைப் பார்த்தார். பிறகு எழுந்து, புது முகமூடி ஒன்றை எடுத்து மாட்டிச் சரிபார்த்துக்கொண்டு, கம்ப்ரஸர் அறையை நேரில் பார்த்துவிட்டு வரக் கிளம்பினார்.